துணுக்காய் பஸ்

மாங்குளம் சந்தியில்
பதினாறு வருசம் பஸ்களைக் கூப்பிட்டு அனுப்புகிறவன் நான்.
ஒலிபெருக்கி பழுதான நாளிலும்
என் குரல் ஏ-ஒன்பதைத் தாண்டிக் கேட்கும்.

முரசு கெட்டுப் பல்லுகள் இறங்கிப் போயின,
கடைசித் தரிப்பில் இறங்கும் சனம் போல
ஒவ்வொன்றாய், அவசரமில்லாமல்.
"ஷெல் பட்டதோ?" என்பார்கள்.
இல்லை, சீனி வருத்தம்.
சொன்னதும் அவர்களுக்கு முகம் கொஞ்சம் விழும்.

மேல் செற் பரவாயில்லை, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
கீழ் செற்தான்
கட்டாமல் விட்ட தோணி.
பாண்டியன்குளம், மல்லாவி வரை
ஒரு மாதிரி ஓட்டுவேன்.
நட்டாங்கண்டலுக்குக் கையால் வாயைப் பொத்த வேணும்.
பெயரைக் கேட்டாலும் வில்லங்கம்:
தருமகுலசிங்கம்.

ஒருநாள் துணுக்காயைக் கூப்பிட்ட வேகத்தில்
செற் பறந்துபோய்
பஸ்ஸின் மிதிபலகையில் விழுந்தது.
கொண்டக்டர் பொடியன் விக்னரூபன்
ரிக்கற் புத்தகத்தின் மேல் அதை ஏந்திக்கொண்டு வந்து தந்தான்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வவுனியாவில் டொக்டர் சுமையா
படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"பல் இல்லாத இடத்தில எலும்புக்கு வேலை இல்லை,
மெல்ல மெல்லக் கரையும்."
மழைக்குப் பிறகு குளக்கட்டு என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.
"முன்பக்கம் இன்னும் இருக்கு.
ரெண்டு திருகாணி இறக்குவம், தலையில சின்னக் குமிழ்.
செற்றின்ர அடியில அதுக்குக் குழி.
சட்டையில அமத்துற பொத்தான் மாதிரி.
அமத்தினாப் பூட்டும், இழுத்தாக் கழரும்.
அதுக்கு முதல் சீனியை இறக்குங்கோ."

பிறகு பென்சில் முனையால்
தாடையின் வலப்பக்க மூலையைத் தொட்டார்.
"இது என்ன?"
குறுணல் அரிசியளவு ஒரு வெள்ளை.
தெரியாது என்றேன்.
தெரியும். எந்த நாள் என்றுதான் தெரியாது.
"எலும்பு மூடிட்டுது. கிடக்கட்டும்."

அழையாமல் வந்ததைப் பிடித்து வைத்த எலும்பு
காசு கொடுத்துக் கூப்பிட்டதைப் பிடியாதா?

சீட்டை நாலாம் மாதமே கழிவில் எடுத்தேன்.
நட்டம்தான்.
மனிசி புவனலோஜினி மூட்டைக் கணக்கில் பார்த்தாள்.
"இவ்வளவு நெல்லுக்கு
நெல்லையே சப்பலாம் எண்டால் சரி."

ஊசி போட்டதால் நோவில்லை, சத்தம் மட்டும்.
குழாய்க்கிணறு இறக்கும் மெசின்
என் காதுக்குள் நின்று இறக்கியது.
தண்ணி வந்ததா என்று கேட்க நினைத்தேன்,
வாய் முழுக்க அவருடைய கை.

எலும்பு பிடிக்கும் வரை மூன்றரை மாதம்.
குழைத்த சோறு, சோதி, சீனியில்லாத தேத்தண்ணி.
முகமாலையில் கண்ணி எடுக்கிற சர்மிளா
லீவுக்கு மல்லாவி போகையில் கேட்டாள்:
"அண்ணை, வாய்க்குள்ள இரும்போ? எங்கட மெசின் கத்தும்."
டைட்டேனியம் என்றேன்.
அதில் த இல்லை, ந இல்லை, சுகமாக வந்தது.
"அதுக்கும் கத்தும்" என்றாள்.

பூட்டிய அன்று இரண்டு தடவை கேட்டது.
டக். டக்.
கண்ணாடியைத் தரவந்தார் டொக்டர்,
வேண்டாம் என்று
பெயரைச் சொல்லிப் பார்த்தேன்.

இரவில் கழற்றித் தண்ணியில் போடுகிறேன்.
வெறும் முரசில் நாக்கு நடந்துபோய்
இரண்டு மைல்கல்லைத் தொட்டுத் திரும்புகிறது.

ஆனியில் பாலைப்பழம் வந்தது.
அதன் பால் பழைய செற்றை வேரோடு பிடுங்கும்,
நாலு வருசமாய் வாயில் வைக்கவில்லை.
நேற்று ஒரு சுண்டு வாங்கி
நேர அட்டவணைக்குக் கீழே நின்று
முழுவதும் தின்றேன்.
செற் அசையவில்லை.
உதடுகள்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

துணுக்காய் பஸ் வந்து ஹோன் அடித்தது.
சனம் என்னைப் பார்த்தது.
கையைக் காட்டினேன்.